'ஒன்லி' படுத்தும் பாடு!

ஆங்கிலத்தில் ஒரு சின்னஞ்சிறு சொல் இருக்கிறது. நான்கே எழுத்து. அதுதான் 'ஒன்லி'.

ஆங்கிலம் படித்தவர்களுக்கு மட்டுமே அது தெரியும் என்று எண்ண வேண்டாம். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காதவர்களுக்கும் அது தெரியும்.

பெண்கள் உட்காரும் இடத்தில் 'லேடீஸ் ஒன்லி' என்று பலகை தொங்குகிறது. ஆண்கள் விலகிப் போகிறார்கள். துணிக் கடைக் கண்ணாடியில் 'ருபீஸ் 499 ஒன்லி' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். மலிவு என்று புரிந்துகொண்டு கூட்டம் உள்ளே நுழைகிறது. செக் எழுதும்போது தொகையின் கடைசியில் 'ஒன்லி' போடுகிறார்கள். மருந்துப் புட்டியின் மேலும் 'ஒன்லி' இருக்கிறது.

இத்தனை இடங்களிலும் சொல் ஒன்றுதான். ஆனால் அர்த்தமும் ஒன்றுதானா?

இல்லை! இடத்துக்கு இடம் வேஷம் மாறுகிற சொல் இது. வேஷத்தைக் கண்டுகொண்டால் நமக்கு நல்ல வேலைக்காரன். கண்டுகொள்ளாவிட்டாலோ மருந்தில் ஆபத்து, பணத்தில் நஷ்டம், கடிதத்தில் குழப்பம்!

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதை எப்படிப் படிக்கிறார்கள்? "ஒன்லி என்றால் மட்டும்" என்று ஒரே வரியில் மனப்பாடம் செய்கிறார்கள். அது பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. முழு உண்மையைத் தெரிந்துகொள்வது எல்லாக் குடும்பங்களுக்கும் நல்லது.

ஒன்றிலிருந்து பிறந்தது

முதலில் இந்தச் சொல் பிறந்த கதையைப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் ஒன்று என்ற எண்ணுக்கு 'ஒன்' என்று பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்த பழைய ஆங்கிலத்தில் அதை 'ஆன்' என்றார்கள். 'போன்ற' என்று பொருள் தரும் ஒரு விகுதி அதனோடு சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து 'ஆன்லீச்' என்பது போல ஒலித்தது. 'ஒன்றைப் போன்றது', 'ஒன்றேயானது' என்பது அதன் பொருள். நாளடைவில் அது தேய்ந்து 'ஒன்லி' ஆயிற்று.

இதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. 'அலோன்' என்றால் தனியாக என்று அர்த்தம். 'ஆல்', 'ஒன்' என்ற இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்தது அது. 'லோன்லி' என்பது அதன் வழி வந்தது. 'ஒன்ஸ்' என்றால் ஒரு தடவை. எல்லாம் ஒன்று என்ற ஒரே தாயின் பிள்ளைகள்!

நம்முடைய 'மட்டும்' வேறு குடும்பம். 'மட்டு' என்றால் அளவு, எல்லை. "மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன்" என்று மேடையில் பேசுகிறார்களே, அந்த மட்டுதான் இது. எல்லையில்லாத மகிழ்ச்சி என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் "ஐந்து மணி மட்டும்" என்று சொன்னால் ஐந்து மணி வரையில் என்று பொருள்.

ஆங்கிலேயர் ஒன்றை எண்ணிப் பிரித்தார்கள். தமிழர் எல்லைக் கோடு போட்டுப் பிரித்தார்கள். ஆக, இரண்டு சொற்களும் செய்யும் முதல் வேலை ஒன்றுதான். 'இது உள்ளே, மற்றதெல்லாம் வெளியே' என்று பிரிப்பது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கடையில் ஒன்று, பாங்கில் ஒன்று!

'ருபீஸ் ஃபைவ் ஹண்ட்ரட் ஒன்லி' என்ற நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் இதை எழுதினால் என்ன அர்த்தம்? "வெறும் ஐந்நூறு ரூபாய்தானே!" என்று நம்மை அழைக்கிறார். தொகை சிறியது என்று காட்டுவதற்காக அந்த 'ஒன்லி'யைப் போடுகிறார். உண்மையில் அது சிறிய தொகையா என்பதை நம் மடிதான் சொல்ல வேண்டும்.

இதே நான்கு சொற்களைச் செக்கில் எழுதுகிறோம். அங்கே 'வெறும்' என்ற பேச்சே இல்லை. "தொகை இத்தோடு முடிந்தது. இதற்கு மேல் ஒரு காசும் இல்லை" என்று அர்த்தம். கடையில் ஆசை காட்டும் சொல், பாங்கில் பூட்டுப் போடும் சொல்லாகிவிடுகிறது!

பூட்டு எதற்கு?

ஒருவர் 'எய்ட் தவுசண்ட்' என்று எட்டாயிரத்தை எழுதி, பின்னால் இடத்தைக் காலியாக விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கெட்ட எண்ணம் உள்ளவன் கையில் அந்தச் செக் கிடைத்தால், பின்னால் 'நைன் ஹண்ட்ரட்' என்று சேர்க்கப் பார்ப்பான். எட்டாயிரம், எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் ஆகிவிடும். 'ஒன்லி' என்று எழுதி, மீதி இடத்தில் ஒரு கோடும் இழுத்துவிட்டால் சேர்ப்பதற்கு இடம் ஏது?

எழுத்தில் உள்ள தொகைக்கு ஏன் இவ்வளவு காவல்? அதற்கும் காரணம் உண்டு. செக், பிராமிசரி நோட்டு முதலியவற்றுக்காக 1881-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. எண்ணில் எழுதிய தொகையும் எழுத்தில் எழுதிய தொகையும் மாறுபட்டால், எழுத்தில் உள்ளதே தொகை என்று அதன் 18-வது பிரிவு சொல்லுகிறது. மாறுபாடு இருந்தால் பாங்குக்காரர்கள் செக்கைத் திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு.

'ஒன்லி' இல்லாத செக் செல்லாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் பூட்டுப் போடச் சட்டமா சொல்லுகிறது? நம் ஜாக்கிரதைக்காக நாமே போடுகிறோம் அல்லவா?

இன்னொரு நல்ல சேதி. செக்கை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது இல்லை. இந்தியிலோ, அந்தந்த மாநில மொழியிலோ எழுதலாம் என்று ரிசர்வ் பாங்கு சொல்லியிருக்கிறது. "ரூபாய் எட்டாயிரம் மட்டும்" என்று தமிழில் தாராளமாக எழுதலாம். மட்டு என்ற எல்லைக் கல் அங்கே கம்பீரமாக நிற்கும்.

செக்கின் மூலையில் இரண்டு கோடு இழுத்து 'அக்கவுண்ட் பேயீ ஒன்லி' என்று எழுதுகிறார்களே, அந்த 'ஒன்லி' தொகையைப் பற்றியது அல்ல. ஆளைப் பற்றியது. "இதில் யார் பெயர் இருக்கிறதோ, அவர் கணக்கில் மட்டுமே பணம் சேர வேண்டும்" என்று அர்த்தம். ஒரே காகிதத்தில் இரண்டு 'ஒன்லி'. ஒன்று பணத்துக்குக் காவல், மற்றது ஆளுக்குக் காவல்!

இடம் மாறினால் அர்த்தம் மாறும்

இனி, ஒரு வாக்கியத்துக்குள் இந்தச் சொல் எங்கே உட்காருகிறது என்பதைக் கவனிப்போம்.

கண்ணன் வேலனுக்குப் பத்து ரூபாய் கொடுத்தான். ஆங்கிலத்தில் 'கண்ணன் கேவ் வேலன் டென் ருபீஸ்'. இதில் 'ஒன்லி'யை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

'ஒன்லி கண்ணன் கேவ் வேலன் டென் ருபீஸ்' என்றால், கண்ணன் ஒருவன்தான் கொடுத்தான். மற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

'கண்ணன் கேவ் ஒன்லி வேலன் டென் ருபீஸ்' என்றால், வேலனுக்கு மட்டும் கொடுத்தான். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை.

'கண்ணன் கேவ் வேலன் ஒன்லி டென் ருபீஸ்' என்றால், பத்து ரூபாய்தான் கொடுத்தான். அதற்கு மேல் கொடுக்கவில்லை.

முதல் வாக்கியத்தில் கண்ணன் வள்ளல். மூன்றாவது வாக்கியத்தில் அதே கண்ணன் கருமி! ஒரு சொல் நகர்ந்ததும் மனிதனின் குணமே மாறிவிட்டது பார்த்தீர்களா?

பொதுவாக, 'ஒன்லி' தனக்கு அடுத்து நிற்கும் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். இதுதான் பாடப் புத்தக விதி.

ஆனால் ஆங்கிலேயர்களே இந்த விதியை எப்போதும் காப்பாற்றுவதில்லை. 'ஐ ஒன்லி ஹாவ் டென் ருபீஸ்' என்பார்கள். விதிப்படி 'ஐ ஹாவ் ஒன்லி டென் ருபீஸ்' என்று இருக்க வேண்டும். இரண்டுக்கும் "என்னிடம் பத்து ரூபாய்தான் இருக்கிறது" என்பதே அர்த்தம்.

இது பற்றி அவர்களுக்குள் பழைய வழக்கு ஒன்று உண்டு. பின்னாளில் லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லௌத் என்பவர் எழுதிய ஆங்கில இலக்கண நூல் 1762-ல் முதன்முதலாக வெளிவந்தது. 'ஒன்லி'யைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள், எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதன் பக்கத்தில் வையுங்கள் என்பது அவர் கட்சி. 1926-ல் ஃபௌளர் என்ற அறிஞர் ஆங்கில வழக்குகளைப் பற்றிப் பெரிய அகராதி ஒன்றை வெளியிட்டார். சந்தேகத்துக்கு இடமில்லாதபோது, மக்கள் இயல்பாகப் பேசுகிற இடத்திலேயே 'ஒன்லி' இருக்கட்டும், இதற்காக யாரையும் விரட்ட வேண்டாம் என்பது அவர் கட்சி.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. பேச்சில் ஃபௌளர் வழி போகலாம். கையெழுத்துப் போடும் காகிதத்தில் லௌத் வழி போவதே நல்லது!

கூட்டுச் சேர்ந்தால் குணம் வேறு

'ஒன்லி' தனியாக நிற்கும்போது ஒரு குணம். பக்கத்தில் ஆள் சேர்ந்தால் வேறு குணம்.

'இஃப் ஒன்லி' என்றால் ஏக்கம். "மழை மட்டும் பெய்திருந்தால்!" என்று பெருமூச்சு விடுகிறோமே, அதுதான். நடக்காத ஒன்றை நினைத்து வருந்துவது.

அதையே திருப்பிப் போட்டு 'ஒன்லி இஃப்' என்று எழுதினால் ஏக்கம் போய்விடும், நிபந்தனை வந்துவிடும். "பில் கொண்டுவந்தால்தான் பணம் திரும்பக் கிடைக்கும்" என்பது இந்த வகை.

இங்கே நன்றாகக் கவனிக்க வேண்டும். "பில் கொண்டுவந்தால் பணம் தருவோம்" என்பது வாக்குறுதி. "பில் கொண்டுவந்தால்தான் பணம் தருவோம்" என்பது வாக்குறுதி அல்ல. பில் இல்லாவிட்டால் பணம் இல்லை என்று மட்டுமே அது சொல்லுகிறது. பில் இருந்தாலும் வேறு நிபந்தனைகள் காத்திருக்கலாம்! இன்ஷூரன்ஸ் பத்திரம், கடன் பத்திரம், உத்தரவாதச் சீட்டு இவற்றில் 'ஒன்லி இஃப்' கண்ணில் பட்டால், "இது ஒன்று போதுமா, இன்னும் ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டுவிட வேண்டும்.

'ஒன்லி டூ' என்றால் 'மிகவும்' என்று அர்த்தம். 'ஒன்லி டூ கிளாட்' என்று ஒருவர் எழுதினால், "எனக்கு மிக்க மகிழ்ச்சி" என்கிறார். கொஞ்சம்தான் மகிழ்ச்சி என்று நினைத்துக் கோபித்துக்கொள்ளக் கூடாது!

'ஒன்லி ஜஸ்ட்' என்றால் மயிரிழையில். ஓடி வந்து ரெயிலைப் பிடித்தவர் சொல்லும் சொல் அது. சில சமயம் 'இப்போதுதான், சற்று முன்' என்றும் பொருள்படும்.

'நாட் ஒன்லி' என்றால் 'மட்டும் அல்ல'. பின்னால் இன்னொன்று வருகிறது என்று முன்கூட்டியே அறிவிக்கும் மணி அது.

சில சமயம் 'ஒன்லி' என்பது 'ஆனால்' என்றும் பொருள்படும். "வந்திருப்பேன், ஆனால் காய்ச்சல்" என்பதற்கு 'ஐ வுட் ஹாவ் கம், ஒன்லி ஐ ஹாட் ஃபீவர்' என்பார்கள். இங்கே 'மட்டும்' என்று மொழிபெயர்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

நம் ஊர் 'ஒன்லி'

இத்தனையும் ஆங்கிலேயரின் 'ஒன்லி'. நம் நாட்டில் பிறந்த 'ஒன்லி' ஒன்றும் இருக்கிறது. சுவையான விஷயமே அதுதான்.

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால், நம்மவர் "ஐ ஆம் ஃப்ரம் மதுரை ஒன்லி" என்கிறார். "சார் எங்கே?" என்றால் "ஹீ இஸ் ஹியர் ஒன்லி" என்கிறார். கேட்கும் ஆங்கிலேயருக்குத் திகைப்பு. "மதுரையிலிருந்து மட்டும் என்றால் என்ன? ஒருவர் இரண்டு ஊரிலிருந்தா வர முடியும்?" என்று யோசிப்பார்.

நமக்குத் திகைப்பே இல்லை. "மதுரைதான்", "இங்கேதான் இருக்கிறார்" என்று சட்டென்று புரிகிறது. ஏன்?

காரணம் தமிழ் இலக்கணத்தில் இருக்கிறது. ஒரு சொல்லின் கடைசியில் 'ஏ' சேர்க்கிறோம். 'அவனே', 'நேற்றே', 'மதுரையே'. இந்த ஏகாரத்துக்கு ஐந்து பொருள் உண்டு என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். அவற்றில் ஒன்று பிரிநிலை. மற்றொன்று தேற்றம். பிரிநிலை என்றால், பலவற்றில் ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. தேற்றம் என்றால், சந்தேகம் வேண்டாம் என்று உறுதி சொல்லுவது.

நம் 'ஏ'யும் சரி, பேச்சில் வரும் 'தான்' என்ற சொல்லும் சரி, இந்த இரண்டு வேலையையும் செய்யும். ஆங்கில 'ஒன்லி'க்குப் பிரிக்கத்தான் தெரியும். "சந்தேகம் வேண்டாம்" என்று உறுதி சொல்லத் தெரியாது.

நாம் என்ன செய்தோம்? 'தான்' வரும் இடத்தில் எல்லாம் 'ஒன்லி'யை நட்டுவிட்டோம்! ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்த் தேற்றத்தை ஏற்றிவிட்டோம். நாம் மட்டும் அல்ல. இந்தி பேசுகிறவர்களும் தங்கள் 'ஹி' என்ற சொல்லுக்கு ஈடாக இப்படியே செய்கிறார்கள். அதனால் இந்தியா முழுவதும் இந்த 'ஒன்லி' நடமாடுகிறது.

இது கேலிக்குரியது என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? ஒரு மொழி கடல் தாண்டிப் போனால், போன இடத்துத் தண்ணீரையும் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் "மதுரை ஒன்லி" என்று சொன்னவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டியது இல்லை.

ஆனால் பேச்சு வேறு. கடிதம் வேறு.

தன் கையாலேயே தண்டனை!

ஒரு மாணவர் கல்லூரிக்குச் சம்பளம் கட்ட வேண்டும். புதன்கிழமை கடைசி நாள். அவர் திங்கட்கிழமையே கட்டிவிட்டார். ஆனால் தாமதம் என்று சொல்லி அபராதம் கேட்டு ஓலை வருகிறது. மாணவர் பதில் எழுதுகிறார். "திங்கட்கிழமையே கட்டிவிட்டேன்" என்பது அவர் மனத்தில் இருப்பது. அவர் எழுதுவதோ, 'ஐ பெய்ட் த ஃபீஸ் ஆன் மண்டே ஒன்லி'.

இதை வெளிநாட்டில் உள்ள ஒரு கல்லூரி ஆபீசில் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் என்ன அர்த்தம் செய்துகொள்வார்கள்? "திங்கட்கிழமைதான் கட்டினேன். அதற்கு முன்னால் கட்டவில்லை!"

'முன்பே கட்டிவிட்டேன்' என்று சொல்ல நினைத்தவர், 'அவ்வளவு நாள் கட்டாமல் இருந்தேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தன் கட்சியைத் தானே தோற்கடித்துவிட்டார்!

தமிழில் 'திங்கட்கிழமையே' என்பது ஒன்று. 'திங்கட்கிழமைதான்' என்பது வேறு. முதலாவது, சீக்கிரம் என்று காட்டும். இரண்டாவது, தாமதம் என்று காட்டும். இப்படி ஒரு காரியம் செய்த நாளைச் சொல்லும் இடத்தில் ஆங்கில 'ஒன்லி' தாமதத்தைத்தான் காட்டும். சீக்கிரத்தைக் காட்டாது.

அப்படியானால் எப்படி எழுத வேண்டும்? மிகவும் எளிது. 'ஒன்லி'யை எடுத்துவிட்டால் போதும். 'ஐ பெய்ட் த ஃபீஸ் ஆன் மண்டே'. முடிந்தது வேலை. அழுத்தம் வேண்டுமானால், 'டூ டேஸ் பிஃபோர் த லாஸ்ட் டேட்' என்று சேர்க்கலாம். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே என்று அர்த்தம். ஒரு சந்தேகமும் வராது.

ஒரே வாரிசா, ஒரு வாரிசா?

சொத்து விஷயத்தில் இந்தச் சொல் இன்னும் பொல்லாதது.

'ஐ ஆம் த ஒன்லி லீகல் ஏர்' என்றால் "நானே ஒரே வாரிசு" என்று அர்த்தம். அண்ணன், தம்பி, அக்காள், தங்கை, தாயார் யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்லுவதாக ஆகும்.

'ஐ ஆம் ஒன்லி எ லீகல் ஏர்' என்றால் "நான் ஒரு வாரிசு மட்டுமே" என்று அர்த்தம். அவ்வளவு பெரிய உரிமை கொண்டாடவில்லை.

நம்மவர் "ஐ ஆம் லீகல் ஏர் ஒன்லி" என்று எழுதினால், அவர் மனத்தில் இருப்பது "நான் வாரிசுதான், சந்தேகம் வேண்டாம்" என்பது. படிக்கிறவர் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது அர்த்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் நினைத்த மூன்றாவது அர்த்தம் ஆங்கிலத்திலேயே இல்லை!

சத்தியம் செய்து கொடுக்கும் காகிதத்தில் 'ஒரே வாரிசு' என்று இருந்து, பிறகு உடன்பிறந்தவள் ஒருத்தி வந்து நின்றால் என்ன ஆகும்? பொய்ச் சத்தியம் செய்தவர் என்ற பழி வரும். குடும்பத்தில் பகை வரும். ஒரு சொல்லைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு இவ்வளவு விலை!

உயிரோடு விளையாடாதீர்கள்

கடைசியாக, எல்லாவற்றையும் விட முக்கியமானது மருந்து.

வெளியே பூசும் தைலம், களிம்பு, கிருமிநாசினி முதலியவற்றின் மேலட்டையில் 'ஃபார் எக்ஸ்டெர்னல் யூஸ் ஒன்லி' என்று போட்டிருக்கும். "வெளி உபயோகத்துக்கு மட்டும்" என்று அர்த்தம். உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. இப்படி அச்சிட வேண்டும் என்று 1945-ம் ஆண்டு மருந்து விதிகளே சொல்லுகின்றன. அந்த நான்கு எழுத்து வெறும் அலங்காரம் அல்ல, அபாய அறிவிப்பு!

பல மருந்துகளின் அட்டையில், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே சில்லறையில் விற்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருக்கும். அங்கேயும் கடைசிச் சொல் 'ஒன்லி'தான். சீட்டு இல்லாமல் நாமே போய் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது அதன் பொருள்.

இனி மருத்துவர் எழுதும் சீட்டுக்கு வருவோம். 'ஒன் டாப்லெட் ஒன்லி இஃப் தேர் இஸ் ஃபீவர்' என்று எழுதியிருக்கிறது. காய்ச்சல் இருந்தால் மட்டும் ஒரு மாத்திரை என்று அர்த்தம். வீட்டில் ஒரு தாயார் அவசரமாகப் படிக்கிறார். 'ஒன் டாப்லெட் ஒன்லி' வரையில் கண் போகிறது. "ஒரு மாத்திரை மட்டும்" என்று முடிவு செய்கிறார். காய்ச்சல் விட்ட பிறகும் குழந்தைக்குத் தினம் ஒரு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருக்கிறார்!

தவறு அந்தத் தாயாருடையதா? அவர் படித்தது சரி. 'ஒன்லி' யாருடைய கையைப் பிடித்திருக்கிறது என்பதைத்தான் கவனிக்கவில்லை. முன்னால் நிற்கும் 'ஒன் டாப்லெட்' கையை அல்ல, பின்னால் நிற்கும் 'இஃப்' கையை அது பிடித்திருந்தது.

செய்ய வேண்டியது என்ன?

வாசகர்கள் மூன்று காரியங்களை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

ஒன்று: 'ஒன்லி'யைக் கண்டால் அங்கேயே ஒரு நிமிஷம் நில்லுங்கள். "இது எதை உள்ளே வைக்கிறது? எதை வெளியே தள்ளுகிறது?" என்று கேளுங்கள். விடை கிடைத்தால் அர்த்தமும் கிடைத்துவிடும்.

இரண்டு: நீங்களே ஆங்கிலத்தில் எழுதும்போது, 'ஒன்லி'யை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அர்த்தம் கெடவில்லை என்றால், அது நம் ஊர்த் தேற்ற 'ஒன்லி'. எடுத்தே விடுங்கள். அர்த்தம் கெட்டால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று: புரியாவிட்டால் கேளுங்கள். மருந்துக் கடையில் "தம்பி, இது பூசுறதா, குடிக்கிறதா? தினமும் கொடுக்கணுமா, காய்ச்சல் வந்தால் மட்டுமா?" என்று கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காமல் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்தான் கஷ்டம் இருக்கிறது.

ஆனால் பொறுப்பு படிக்கிறவர்களுக்கு மட்டும்தானா? எழுதுகிறவர்களுக்கும் அச்சிடுகிறவர்களுக்கும் இல்லையா?

தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. ஆயினும் நம் வீட்டு அலமாரியில் உள்ள பல மருந்துகளின் எச்சரிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. கையெழுத்துக்காக நீட்டப்படும் கடன் பத்திரங்களில் பலவும் அப்படியே. உயிரையும் உடைமையையும் காக்கும் சொல், அதை நம்பி வாழ்கிறவருக்குப் புரியாத மொழியில் இருந்தால் என்ன பயன்? பூட்டு இருக்கிறது, சாவி இல்லை என்ற கதைதான்!

மருந்து தயாரிப்பவர்களை நாம் கேட்டுக்கொள்கிறோம்: பெரிய பெரிய விளக்கங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "வெளியே பூச மட்டும்" என்ற மூன்று சொற்களையாவது தமிழில் அச்சிடுங்கள்.

மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: சீட்டில் ஆங்கிலம் இருக்கட்டும். பக்கத்தில் "காய்ச்சல் இருந்தால் மட்டும்" என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள். அரை நிமிஷ வேலை.

ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: "ஒன்லி என்றால் மட்டும்" என்று சொல்லி அடுத்த சொல்லுக்குப் போய்விடாதீர்கள். கண்ணனையும் வேலனையும் பத்து ரூபாயையும் பிள்ளைகள் முன்னால் நிறுத்துங்கள். 'ஒன்லி'யை நகர்த்திக் காட்டுங்கள். வகுப்பே சிரிக்கும். சிரித்துக்கொண்டே கற்ற பாடம் மறக்காது.

எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். எழுத்தைப் படிப்பது முதல் படி. அந்த எழுத்து நம்மிடம் என்ன கேட்கிறது, எதைத் தருகிறது, எதைத் தடுக்கிறது என்று படிப்பது அடுத்த படி. அந்த அடுத்த படியில் ஏறியவரை யாரும் ஏமாற்ற முடியாது.